ஏறி வந்த ஜீப் ஏன் கிளம்பவில்லை?

பதுளை நகரிலிருந்து நமுனுகுல மலையின் பக்கமாக வளைந்து வளைந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையிலே, பழைய லாண்ட் ரோவர் ஒன்றையோ வேறொரு பெற்றோல் ஜீப்பையோ ஓட்டியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருப்பார்கள். இரவெல்லாம் பனியில் நனைந்து நின்ற வண்டி, விடியற்காலைக் குளிரில் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் உயிர்பெற்றுவிடும். முதற் கியரிலும் இரண்டாங் கியரிலுமாக முனகிக்கொண்டே மேடுகள் அனைத்தையும் ஏறிக் கடந்துவிடும். மேற்பிரிவின் லயத்து வாசலில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் கிளப்ப முயலும்போதுதான் அது பிடிவாதம் பிடிக்கும். ஸ்டார்ட்டர் சுழலும், இயந்திரம் இரண்டு முறை இருமும், அவ்வளவுதான். ஓட்டுநர் வியர்த்து விறுவிறுத்து, பற்றறியும் தளர்ந்து, கூடி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை கூறி ஓய்ந்த பின், முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாதது போலக் கிளம்பிவிடும். மறுநாள் கராஜுக்குக் கொண்டு சென்றாலோ, அங்கே நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்!

இஃது ஓட்டுநர் மாத்திரம் கவலைப்படவேண்டிய காரியம் என்று வீட்டிலுள்ளோர் தள்ளிவிடுதல் கூடாது. தோட்டத்திலே ஜீப் என்பது துரைமார் ஏறிச் செல்லும் வாகனம் மட்டுமன்று. நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு நோவு கண்டால், ஒரு கிழவருக்கு நெஞ்சடைத்தால், பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்ல அதுவே கதி. ஜீப் கிடையாவிடில் கொழுந்து லொறி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச ஆம்புலன்ஸ் சேவை 2016-ஆம் ஆண்டு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது பெரும் பேறுதான். ஆயினும், மழையில் அறுத்துக் கிடக்கும் கல் ரோட்டில் கடைசி லயம்வரை அது ஏறி வருமென்று எல்லாப் பிரிவுகளிலும் சொல்லிவிட முடியாது. கீழ் ரோட்டில் காத்து நிற்கும் ஆம்புலன்ஸ்வரை நோயாளியைக் கொண்டுசேர்க்கவேனும் ஜீப் வேண்டும். அந்த ஜீப் லயத்து வாசலில் நிற்கும் நேரமும், நோயாளியைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வரும் நேரமும் ஒன்றே. நாம் மேலே சொன்ன பத்து நிமிடம் அதுதான்.

இந்த வண்டிகளின் வயதையும் சற்று நினைவிற் கொள்வோம். லாண்ட் ரோவர் முதன்முதலில் 1948 ஏப்ரல் மாத இறுதியில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இரண்டாம் வரிசை 1958-இல் வந்தது. மூன்றாம் வரிசை 1971-இல் தொடங்கி 1985-இல் முடிந்தது. ஆகவே நம் மலைகளில் இன்றும் ஓடுகின்றவற்றுள் மிக இளையதற்கே நாற்பது வயது ஆகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025-இல்தான் மீண்டும் வழிதிறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளைப் பேணிக் காப்பாற்றுவது தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

இனி நோயின் மூலத்தைப் பார்ப்போம். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த மண்சட்டியில் குழம்பு இன்னும் சில நிமிடம் கொதித்துக்கொண்டிருப்பதை நம் இல்லத்தரசிகள் நாள்தோறும் காண்கிறார்கள். நெருப்பு இல்லை, ஆனால் சட்டியில் தேங்கிய சூடு இருக்கிறது. ஜீப்பின் இயந்திரமும் அவ்வாறே. ஓடும்போது விசிறி காற்றை வீசுகிறது. நீர் சுழன்று சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. பெற்றோலும் ஓயாமல் ஓடுவதால் குழாய்கள் குளிர்கின்றன. இயந்திரத்தை நிறுத்திய கணத்தில் இம்மூன்றும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. மேட்டில் நடை வேகத்தில் ஏறி வந்த இரும்பின் சூடு மட்டும் நிற்பதில்லை. அது மேல்நோக்கிப் பரவி, மூடிய பொனட்டின் கீழே அடைபடுகிறது. ஆகவே, வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட, நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் சென்ற பின்னரே காபரேட்டரும் பெற்றோல் பம்பும் அதிகமாகச் சூடேறியிருக்கும். நின்ற வண்டி ஆறிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அந்தச் சிறுபொழுதில் நேர்மாறானது.

பெற்றோலோ பல எண்ணெய்களின் கலப்பு. அதன் மிக இலேசான பகுதி ஏறத்தாழ 35, 40 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அஃதாவது காய்ச்சல் கண்ட குழந்தையின் உடற்சூடே அதற்குப் போதும். மலைநாட்டில் இது இன்னும் முன்னதாகவே நிகழும். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 300 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் குறைந்த சூட்டில் கொதிக்கும் என்பது பள்ளிப் பாடம். பதுளை நகர் 680 மீற்றர் அளவில் இருக்கிறது. நமுனுகுலச் சிகரம் 2036 மீற்றர். நீருக்கு உள்ள நியதி பெற்றோலுக்கும் உண்டு. மலைக் குளிர் வண்டிக்கு நன்மை செய்யும் என்பது பாதி உண்மைதான். காற்று குளிர்ந்திருக்கிறது, ஆனால் காற்றின் அமுக்கம் குறைந்திருக்கிறது, ஏற்றத்தினால் இயந்திரம் கொதித்திருக்கிறது.

லாண்ட் ரோவருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. அதன் 2286 கன சென்றிமீற்றர் பெற்றோல் இயந்திரத்தில், பெற்றோல் கலந்த காற்று உள்ளே செல்லும் வழியும், எரிந்த புகை வெளியேறும் வழியும் ஒன்றோடொன்று இணைத்து முடுக்கப்பட்டுள்ளன. புகையின் சூடு பெற்றோலை ஆவியாக்க உதவட்டும் என்பது அமைத்தவர்களின் எண்ணம். இங்கிலாந்தின் குளிர்காலத்துக்கு அது மிகவும் ஏற்றது. ஸ்பிரிங்வெளி ஏற்றத்தின் முடிவில் அதுவே காபரேட்டருக்குக் கீழே எரியும் அடுப்பாகிவிடுகிறது.

சூடேறிய பெற்றோலால் இரண்டு விதமான நோய்கள் வரலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முதலாவது பட்டினி. குழாயிலும் பம்பிலும் உள்ள பெற்றோல் ஆவியாகிவிடுகிறது. பம்பு திரவத்தை இழுக்கும்படி அமைந்ததேயன்றி ஆவியை இழுக்கும்படி அமைந்ததன்று; அது வெறுமனே துடிக்கும், காபரேட்டருக்குத் துளியும் போகாது. இரண்டாவது அதற்கு நேர் எதிரான அசீரணம். காபரேட்டரின் கிண்ணத்தில் தேங்கிய பெற்றோல் கொதித்துப் பொங்கி, சிறு துவாரங்களின் வழியே வழிந்து இயந்திரத்தின் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. அளவுக்கு மிஞ்சிய பெற்றோலில் பிளக்குகள் நனைந்துபோகின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு நஞ்சு என்பதே இங்கு மிக முக்கியமான செய்தி. நம் ஓட்டுநர்களில் அநேகர், எந்த நோய் என்று பாராமலே அக்சிலேட்டர் மிதியை டப்டப்பென்று மிதிப்பார்கள். ஒவ்வொரு மிதிக்கும் காபரேட்டர் ஒரு பீச்சுப் பெற்றோலை உள்ளே விடும். நனைந்து கிடக்கும் இயந்திரத்துக்கு இதைவிடத் தீங்கு வேறில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் இம்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இதனை நேரிற் கண்டோம். பிரசவ நோவு கண்ட பெண்ணை ஏற்றிவிட்டார்கள், ஜீப் அசையவில்லை. ஓட்டுநர் இளைஞர்; நல்ல சுறுசுறுப்பு. ஒரு போத்தலில் பெற்றோலுடன் ஓடிவந்து, தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம், "மாமா, பெற்றோல் ஏறல்ல போல. காபரேட்டர் வாயில கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டார். பெரியவர் பொனட்டைத் திறந்து குனிந்து முகர்ந்தார். "போத்தலைத் தூரக் கொண்டுபோய் வையி தம்பி. அது ஏற்கெனவே குடிச்சிட்டுக் கெடக்கு. இன்னும் ஊத்திக் குடுத்தா எந்திரிக்குமா?" என்றார். சோக்கை முழுவதும் உள்ளே தள்ளச் சொல்லி, மிதியை ஒரே முறையில் மெதுவாக அடிவரை அமுக்கி, எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். ஏழெட்டு விநாடி ஒன்றுமில்லை. பிறகு கரும்புகையைக் கக்கிக்கொண்டு இயந்திரம் எழுந்தது. அன்று அவர் மூக்கு செய்த வேலையைச் செய்ய எந்தக் கருவியும் அங்கே இருக்கவில்லை.

மிதியை அடிவரை அமுக்கிப் பிடிப்பதன் காரணம் எளிது. காற்று வாயில் முழுவதும் திறந்து, தேங்கிய பெற்றோலை உலர்த்திக் கொண்டுபோகிறது. பட்டினி நோய்க்கோ இதனால் பயனில்லை. அங்கே பெற்றோல் மணம் இராது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்து கிடக்கும். பொனட்டைத் திறந்து வைத்து, பீலித் தண்ணீரில் நனைத்த துணியைப் பம்பின் மீதும் குழாயின் மீதும் சுற்றி, பம்பின் பக்கத்திலுள்ள சிறு கைப்பிடியால் சில தடவை அடித்துப் பெற்றோலை ஏற்றவேண்டும். துணியைத்தான் சொன்னோம், வாளித் தண்ணீரை அல்ல. சூடேறிய வார்ப்பிரும்பின் மேல் குளிர்நீர் விழுந்தால் வெடித்துப்போகும். போத்தலால் பெற்றோல் ஊற்றும் வழக்கத்தை நாம் முற்றாகவே கண்டிக்கிறோம். இயந்திரம் ஒருமுறை எதிர்த்து இருமினால் தீ காபரேட்டர் வாயின் வழியே வெளியே பாயும். ஊற்றுபவரின் முகம் அங்கேதான் இருக்கும்.

சூட்டில் நிற்கும் எல்லா வண்டியும் பெற்றோலால்தான் நிற்கிறது என்று கொள்ளலாகாது. மின்பொறியும் சூட்டுக்கு அஞ்சும். இவ்விரண்டையும் பிரித்தறிய, வண்டி எவ்வாறு நின்றது என்பதை ஓட்டுநர் கவனித்திருக்கவேண்டும். பெற்றோல் குறைந்து நிற்கும் வண்டி, விக்கி விக்கி, வலு இழந்து, படிப்படியாக அடங்கும். மின்சாரம் தவறிய வண்டியோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ சுவிச்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கும். இந்த ஒரு விவரத்தை ஓட்டுநர் சரியாகச் சொன்னால் கராஜில் பாதி வேலை முடிந்தது. "நின்னு போச்சுங்க" என்று மட்டும் சொன்னால், பாஸ் என்னதான் செய்வார்? அவர் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார், பணம் நம்முடையது.

மின்பொறியின் நோய்க்குப் பெரும்பாலும் இருவரே காரணம். ஒன்று கொயில், மற்றது டிஸ்டிரிபியூட்டருக்குள்ளே அல்லது அதன் பக்கத்தில் இருக்கும் விரலளவான கொண்டென்சர். கொயிலின் உள்ளே மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. கம்பிகளைப் பிரிக்கும் காப்பு முதுமையினால் நைந்திருந்தால், குளிரில் தாக்குப்பிடித்து, சூட்டில் கைவிட்டுவிடும். ஆறினால் மீண்டும் வேலை செய்யும். ஆகவேதான் காலையில் கராஜில் அளந்து பார்க்கும்போது யாவும் சரியாக இருக்கின்றது. கடைக்காரர் கொடுத்தது என்று பொருந்தாத கொயிலைப் பூட்டுவதாலும் இத்துன்பம் வருவதுண்டு. பழைய 12 வோல்ற் வண்டிக்குரிய கொயிலின் தடை 3 ஓம் அளவு. மேலதிகத் தடையொன்றுடன் சேர்ந்தே வேலை செய்யவேண்டிய 1.5 ஓம் கொயிலும் தோற்றத்தில் அது போலவே இருக்கும். அதனைத் தனியே பூட்டினால் இரட்டிப்பு மின்சாரம் பாய்ந்து, மலையேறி முடிவதற்குள் கைவைக்க முடியாதபடி கொதித்துவிடும். வண்டி நின்ற பின் சாவியைத் திறந்தபடியே விட்டு ஆலோசனை நடத்துவதும் கொயிலைச் சுட வைக்கும்.

சோதிக்கும் முறை கடினமன்று. ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடல் இயந்திரத்து இரும்பிற் படும்படி, காபரேட்டருக்குத் தூரமாக வைத்து, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்ற மற்றவர் பார்க்கவேண்டும்; வயரை வெறுங்கையால் பிடித்தல் கூடாது. பெற்றோல் மணம் கமழும் வேளையில் இச்சோதனையைச் செய்யவே கூடாது. பொறி நீலமாகத் தடித்து விழுந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து விழுந்தாலும், விழாவிட்டாலும், குற்றம் அங்கேதான். இதனை வண்டி சூடாக நிற்கும்போதே, நின்ற இடத்திலேயே செய்யவேண்டும். ஆறிய வண்டியைச் சோதிப்பது, காய்ச்சல் விட்ட பிறகு வெப்பமானி வைப்பதை ஒக்கும். தோட்டத்திலே அகப்படாத நோயை வேண்டுமென்றே வரவழைப்பதும் ஒரு வழி: கராஜுக்குச் சென்றால் வண்டியை ஏற்றத்தில் ஓட்டிவந்து, பொனட்டை மூடியபடியே பத்து நிமிடம் நிறுத்தி, அப்புறம் சோதிக்கும்படி பாஸிடம் சொல்லுங்கள். நல்ல பாஸ் இதனைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்.

வேறு சில சில்லறைக் காரணங்களும் உண்டு. பெற்றோல் தாங்கியின் மூடியிலுள்ள சிறு காற்றுத் துவாரம் அடைபட்டால், சில மைல் ஓடியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் வர மறுக்கும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டால் அதுவே காரணம். துவாரத்தைத் துப்புரவாக்கினால் செலவில்லாமல் தீரும். 2022-ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது எத்தனையோ வண்டிகள் வெறுந்தாங்கியுடன் மாதக்கணக்கில் நின்றன. கிடைத்த கலன்களிலெல்லாம் பெற்றோல் சேமிக்கப்பட்டது. அப்போது சேர்ந்த துருவும் நீரும் சில தாங்கிகளில் இன்றும் இருக்கக்கூடும். மூன்றாம் வரிசை லாண்ட் ரோவரில் பூட்டிய செனித் காபரேட்டரின் மேல்மூடி நாளடைவில் நெளிந்து, வேண்டாத காற்றை உள்ளே விட்டு, மெதுவோட்டத்தில் வண்டியை அணைத்துவிடுவதும் அறிந்ததே. வால்வுகளின் இடைவெளி குறுகிப்போனாலும் சூட்டில் வால்வு முழுவதும் மூடாமல் அழுத்தம் ஒழுகிவிடும்; 2286 இயந்திரத்துக்கு அவ்விடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு.

நிலையான பரிகாரம் வேண்டுவோர் முதலில் காபரேட்டரின் அடியைப் பார்க்கட்டும். அங்கே சூட்டைத் தடுக்கும் தடித்த பட்டை ஒன்று இருக்கவேண்டும். பழுதுபார்க்கும்போது அதனை எறிந்துவிட்டு மெல்லிய கடதாசித் துண்டை வைத்துப் பூட்டிய வண்டிகள் உண்டு. பெற்றோல் குழாய் புகைக் குழாயைத் தொட்டுக்கொண்டு செல்கிறதா என்பதையும் காணவேண்டும். இரண்டங்குலம் விலக்கிக் கட்டுவதே பல சமயம் போதும். சிலர் தாங்கியின் அருகே மின்சாரப் பம்பு பூட்டுகிறார்கள். அது நியாயமான காரியமே: இழுக்கப்படும் பெற்றோலைக் காட்டிலும் தள்ளப்படும் பெற்றோல் எளிதில் ஆவியாகாது. ஆனால் இக்கால வண்டிக்குரிய வலிய பம்பைப் பூட்டினால், காபரேட்டரின் ஊசியை மீறிப் பெற்றோல் வழிந்து, பட்டினிக்குப் பதில் அசீரணம் வந்து சேரும். சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று இறாத்தல் அழுத்தமே இவ்வண்டிகளுக்குப் போதுமானது.

டீசல் வண்டி வைத்திருப்போர் இதுவரை புன்னகையுடன் படித்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். பழைய டீசல் லாண்ட் ரோவரில் சுழலும் வகைப் பம்பு ஒன்று உண்டு. அதன் உட்பாகம் தேய்ந்திருந்தால், குளிரில் தடித்த டீசலைத் தள்ளும். சூட்டில் நீர்த்துப்போன டீசலைத் தேய்ந்த இடுக்குகளின் வழியே நழுவவிடும். விளைவு, சூடான வண்டி கிளம்பாது. நனைத்த துணியைப் பம்பின் மீது ஐந்து நிமிடம் போட்டுவைத்து, பிறகு கிளப்பிப் பாருங்கள். உடனே கிளம்பினால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. பம்பைப் புதுப்பிக்கப் பணம் சேர்க்கத் தொடங்கலாம். அதுவரை, நோயாளியை ஏற்றப் போகும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தாமல், கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து, ஓடவிட்டபடியே காத்திருப்பது நன்று. பெற்றோல் வண்டிக்கும் நோய் தீரும்வரை இதுவே உபாயம். கிளம்பாத ஜீப்பை இறக்கத்தில் உருட்டிக் கிளப்புவதை, உள்ளே நோயாளி இருக்கும்போது, கொண்டைஊசி வளைவுக்கு மேலே ஒருபோதும் செய்யவேண்டாம்.

இருக்கைக்கடியில் ஒரு சிறு பெட்டி இருக்கட்டும்: பிளக் திறப்பதற்குரிய சாவி, ஒரு பழைய பிளக், புதிய கொண்டென்சர் ஒன்று, பருத்தித் துணி, ஒரு போத்தல் தண்ணீர், மின்சூள். அதனுடன் ஒரு கொப்பியும் பென்சிலும். எந்த மேட்டில், எத்தனை மணிக்கு நின்றது, விக்கி நின்றதா சட்டென்று நின்றதா, பெற்றோல் மணந்ததா, எத்தனை நிமிடத்தில் மறுபடி கிளம்பியது என்று நான்கு வரி எழுதிவைத்தால், அடுத்த முறை பாஸின் கையில் கொடுக்கலாம். ஸ்டார்ட்டரே சுழலாமல் முனகும் வண்டிகளைப் பற்றியும், பற்றறிக் கம்பிகளைப் பற்றியும் அடுத்த வாரம் எழுதுவோம்.